இடிஞ்ச பில்டிங்கை கோடு எழுதி உருவாக்குறது எப்படி? கேம் பண்ண ஆரம்பிக்கிறவங்களுக்கு

கேம்ல இடிஞ்சு போன ஒரு தெரு வேணும்னா ஒவ்வொரு பில்டிங்கா மாடல் பண்ணி கையால உடைச்சுக்கிட்டு உக்காந்தா பத்தாவது வீட்டுக்குள்ள ஆர்வமே போயிரும், அதனால ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வச்சுக்கிட்டு, ஒரு சீட் நம்பர் (ரேண்டம் எண்களை எங்க ஆரம்பிக்கணும்னு சொல்ற நம்பர்) குடுத்தா ஒரு இடிஞ்ச பில்டிங், நம்பரை மாத்தினா வேற ஒண்ணுன்னு வர்ற மாதிரி பண்ணிக்கிறதுதான் நல்லது. கோடிங் அரைகுறையா தெரிஞ்சவங்களுக்கும் இப்போ இது முடியுற வேலைதான், பைத்தான் எழுதுறதை சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி எதுகிட்ட வேணா விட்டுரலாம்.

ஆனா "இடிஞ்ச பில்டிங் ஜெனரேட் பண்ற பிளெண்டர் ஸ்கிரிப்ட் குடு"ன்னு ஒத்தை வரியில கேட்டுப் பாருங்க. ஒரு பெட்டி வரும், அதுல அங்கங்க ரேண்டமா ஓட்டை, கீழ நாலு கியூப் சிதறிக் கெடக்கும், பார்க்க எலி கடிச்ச பிஸ்கட் மாதிரி இருக்கும். ஏஐ-யைக் குறை சொல்லி பிரயோஜனம் இல்ல, அது எதனால இடிஞ்சுதுன்னு நாம சொல்லவே இல்லையே. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப் போறது அதைத்தான்: மெஷ்ஷை (அதாவது 3டி மாடலோட உருவத்தை) உடைக்காதீங்க, டேட்டாவை உடைங்க, அதையும் ஒரு காரணத்தோட உடைங்க.

தேவையானது பிளெண்டர் (3டி மாடல் பண்ற சாஃப்ட்வேர்), கோடோ (கேம் என்ஜின்), ஒரு ஏஐ சாட். பிளெண்டரும் கோடோவும் ஃப்ரீ. யூனிட்டி, அன்ரியல் ஆளுங்களும் கடைசி ஸ்டெப்பை மட்டும் மாத்திக்கலாம்.

ஸ்டெப் 1: எதனால இடிஞ்சுதுன்னு முடிவு பண்ணுங்க

கோடு எழுதுறதுக்கு முன்னாடி இதுக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க, நிஜமாவே மத்த எல்லா ஸ்டெப்பையும் விட இதுதான் ரிசல்ட்டை மாத்தும்.

தூண், பீம் போட்டு கட்டின காங்கிரீட் பில்டிங்ல குண்டு விழுந்தா மொதல்ல போறது நடுவுல அடைச்சிருக்கிற செங்கல் சுவர்தான், தூணும் பீமும் பெரும்பாலும் எலும்புக்கூடு கணக்கா நிக்கும், ஸ்லாப் மட்டும் உள்ள இருக்கிற கம்பியைப் புடிச்சுக்கிட்டு தொங்கும். அதுவே தடிமனான செங்கல் சுவர் தாங்குற, மரத்தளம் போட்ட பழைய பில்டிங் எரிஞ்சா எல்லாம் தலைகீழ், கூரையும் தளமும் எரிஞ்சு உள்ள விழுந்துரும், வெளிச்சுவர் மட்டும் ஜன்னல் ஓட்டைகளோட நிக்கும், ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலயும் கரிப்புகை நாக்கு நீட்டியிருக்கும். இரண்டாம் உலகப்போர்ல குண்டு வீச்சுல எரிஞ்ச ஜெர்மன் நகரங்களோட போட்டோக்கள்ல இதை நிறைய பார்க்கலாம்.

நிலநடுக்கம் வேற மாதிரி. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்துல அகமதாபாத்ல கீழ்த்தளத்தை பார்க்கிங்குக்காக சுவர் இல்லாம வெறும் தூணோட விட்டிருந்த அபார்ட்மென்ட்கள் பல விழுந்துச்சு, ஏன்னா மேல இருக்கிற தளமெல்லாம் சுவரோட விறைப்பா இருக்கு, கீழ மட்டும் லொடலொடன்னு இருக்கு, ஆட்டம் மொத்தமும் அந்தத் தூணுங்க மேலதான் இறங்கும். தப்பிச்சு நிக்கிற பில்டிங்ல கூட சுவர்ல பெருக்கல் குறி மாதிரி குறுக்கு விரிசல் இருக்கும்.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ், லண்டன்ல ரோனன் பாயின்ட்னு 22 மாடி டவர், 1968 மே மாசம் 18-வது மாடியில ஒரு வீட்டுல கேஸ் வெடிச்சு சுவர் பேனல் வெளிய தள்ளிப் போச்சு, அந்தப் பேனல்தான் மேல இருந்ததைத் தாங்கிக்கிட்டு இருந்துது, அதனால மேல இருந்த மூலை விழுந்து, அந்த வெயிட்டுல கீழ இருந்த மூலையும் அடுக்கடுக்கா சரிஞ்சுது. வெடிச்சது ஒரு இடம், விழுந்தது ஒரு மூலை முழுசும். நம்ம ஸ்கிரிப்ட் பண்ண வேண்டியதும் இதுதான், அடி பட்ட இடம் வேற, அதனால விழுற இடம் வேற.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன், சமீபத்துல ஜனங்க செத்துப் போன ஒரு வீட்டோட போட்டோவை எடுத்து அப்படியே கேம்ல வைக்காதீங்க. விழுற விதத்தைக் கத்துக்கோங்க, அந்த வீட்டை விட்டுருங்க.

இந்தக் கட்டுரைக்கு நாம எடுத்துக்கப் போறது மூணு தளம் உள்ள காங்கிரீட் பில்டிங், மேல் தளத்து மூலையில ஒரு குண்டு அடி.

ஸ்டெப் 2: பில்டிங்கை டேட்டாவா எழுதுங்க

ஏஐ கிட்ட தமிழ்லயே கேக்கலாம், புரிஞ்சுக்கும், டெக்னிக்கல் வார்த்தை மட்டும் கலந்து விடுங்க. பே-ன்னா ரெண்டு தூணுக்கு நடுவுல உள்ள இடம், செல்னா பில்டிங்கைப் பிரிச்ச ஒரு சின்னக் கட்டம். நான் இப்படித்தான் கேப்பேன்:

"பிளெண்டர் 4.2-ல ஓடுற பைத்தான். இப்போதைக்கு மெஷ் எதுவும் வேண்டாம், டேட்டா மட்டும். 3 தளம், அகலத்துல 4 பே, ஆழத்துல 3 பே, ஒரு பே 3 மீட்டர், தள உயரம் 3 மீட்டர். எல்லாத்தையும் 0.5 மீட்டர் செல்லா பிரி. ஒவ்வொரு செல்லுக்கும் இடம், வகை, நிலை இருக்கணும். வகை: தூண், பீம், ஸ்லாப், சுவர், கண்ணாடி. நிலை: முழுசு, விரிசல், போச்சு, விழுந்துச்சு. கோடு எழுதறதுக்கு முன்னாடி உன் பிளானை சொல்லு."

அந்தக் கடைசி வரி முக்கியம். பிளானைப் படிச்சு அதுல சரி பண்றது அஞ்சு நிமிஷ வேலை, முந்நூறு வரி கோடு வந்தப்புறம் சரி பண்றது ஒரு ராத்திரி வேலை.

கணக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க. ஒரு பே சுவர்ல 6-க்கு 6, 36 செல். வெளிச்சுவர் மொத்தம் 42 பேனல், ஆக ஜன்னலைக் கழிக்காம 1,512 செல். ஸ்லாப் ஒரு தளத்துக்கு 12 பே, மூணு ஸ்லாப்புக்கு 1,296. உள் சுவரும் போடச் சொல்லுங்க, வெளிச்சுவர் ஒடைஞ்சா ரூம் தெரியுமே, உள்ள காலியா இருந்தா அட்டைப் பெட்டின்னு அப்பவே தெரிஞ்சுரும். எல்லாம் சேர்த்தாலும் சில ஆயிரம் செல்தான், பைத்தானுக்கு இது ஒண்ணுமே இல்ல.

ஏன் மெஷ்ஷை நேரா உடைக்கக் கூடாதுன்னு கேப்பீங்க. பிளெண்டர்ல ஒரு வடிவத்தால இன்னொண்ணை வெட்டுற பூலியன் மாடிஃபையர் இருக்கு, துண்டு துண்டா உடைக்கிற செல் ஃப்ராக்சர் ஆடான் இருக்கு, ஒரு பாறையையோ ஒரு சுவரையோ உடைக்க நல்லாவே இருக்கும். ஆனா முழு பில்டிங்கை உடைச்சா எந்தத் துண்டு எதைத் தாங்குதுன்னு அந்த மெஷ்ஷுக்குத் தெரியாது, மேல ஸ்லாப் அந்தரத்துல மிதக்கும், அதுவும் போக ஒரே மட்டத்துல ரெண்டு முகம் ஒட்டிக்கிட்டு இருந்தா பூலியன் சில சமயம் சொதப்பும்.

ஸ்டெப் 3: அடி குடுங்க

ஒரு பாயின்ட், ஒரு ரேடியஸ், 0-ல இருந்து 1 வரைக்கும் போற ஒரு ஸ்லைடர். ஒவ்வொரு செல்லுக்கும் அடி எவ்வளவுன்னு ஒரு நம்பர் வரணும்: தூரத்தை ரேடியஸால வகுத்து 1-ல இருந்து கழிங்க, அதோட கொஞ்சம் நாய்ஸ் கூட்டுங்க, மொத்தத்தையும் ஸ்லைடரால பெருக்குங்க, ரேடியஸுக்கு வெளிய இருந்தா பூஜ்யம். அப்புறம் வகைக்கு ஏத்த பலம், கண்ணாடிக்கு 0.1, செங்கல் சுவருக்கு 0.4, ஸ்லாப்புக்கு 0.7, பீமுக்கு 0.85, தூணுக்கு 1. அடி பலத்தைத் தாண்டினா போச்சு, பலத்துல பாதிக்கு மேலன்னா விரிசல். இதெல்லாம் கண்ணுக்கு அழகா தெரியறதுக்கு வச்ச நம்பர், இன்ஜினியரிங் கணக்கு இல்ல, தாராளமா மாத்துங்க.

ரேடியஸ் 5 மீட்டர், ஸ்லைடர் 1-ன்னு வச்சா, நாய்ஸை விட்டுட்டுப் பார்த்தா கண்ணாடி 4.5 மீட்டர் வரைக்கும் காலி, செங்கல் 3 மீட்டர், ஸ்லாப் 1.5 மீட்டர், தூண் கிட்டத்தட்ட தப்பிச்சுரும். பாருங்க, ஒரே ஒரு ஃபார்முலாதான், அதுவே சுவர் போய் எலும்புக்கூடு நிக்கிற தோற்றத்தைக் குடுத்துருச்சு.

நாய்ஸ்னா பெர்லின் நாய்ஸ், பக்கத்து பக்கத்துல இருக்கிற நம்பர்கள் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தத்தோட மாறும், அதனால ஓட்டையோட ஓரம் காம்பஸ் வச்ச வட்டமா இல்லாம கோணல்மாணலா வரும். கென் பெர்லின் 1980-கள்ல கண்டுபிடிச்சது, 1997-ல ஆஸ்கர் அகாடமி அவருக்கு இதுக்காக டெக்னிக்கல் விருது கூட குடுத்துச்சு. பிளெண்டரோட மேத்யூட்டில்ஸ்குள்ளயே நாய்ஸ் மாட்யூல் இருக்கு, தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ணத் தேவையில்ல.

ரேண்டம் விஷயத்துல ஏஐ-யை நம்பாம நீங்களே சொல்லிருங்க: "குளோபல் ரேண்டம் வேண்டாம், ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் சீட்ல இருந்து தனி ரேண்டம் ஆப்ஜெக்ட்." இல்லைன்னா நாளைக்கு இடிபாட்டுல கல்லை கொஞ்சம் கூட்டினீங்கன்னா சுவர்ல ஓட்டை இடம் மாறிரும், தலையைப் பிச்சுக்கணும். இன்னொண்ணு, பைத்தான்ல செட்டுக்குள்ள ஸ்ட்ரிங் போட்டு லூப் ஓட்டினா ஒவ்வொரு தடவை ஓடறப்பவும் வரிசை மாறலாம், சீட் ஒண்ணா இருந்தும் பில்டிங் வேற வேற வந்தா மொதல்ல அங்க தேடுங்க.

ஸ்டெப் 4: எது நிக்கும், எது விழும்

இதுதான் இந்த வேலையோட உயிர். சாதாரணமா ஏஐ தர்றது தரையில இருந்து ஆரம்பிச்சு ஒட்டிக்கிட்டு இருக்கிற எல்லா செல்லையும் தேடிப் போற ஃப்ளட் ஃபில், தொடர்பு அறுந்தது மட்டும் விழும். பத்தாது. ஒத்தை செல்லைப் புடிச்சுக்கிட்டு முழு ஸ்லாப்பும் அந்தரத்துல நிக்கும்.

அதுக்குப் பதிலா கட்டடம் கட்டுற வரிசையிலயே செக் பண்ணச் சொல்லுங்க. மொதல்ல தூண், கீழ இருக்கிற தூண் செல் இருந்தாதான் மேல இருக்கிறது நிக்கும். அடுத்து பீம், நிக்கிற ஒரு தூண்ல இருந்து பீம் வழியாவே எண்ணிப் பார்த்தா 3 செல்லுக்குள்ள இருக்கணும். அப்புறம் ஸ்லாப், நிக்கிற பீம்ல இருந்து 3 செல்லுக்குள்ள. கடைசியா சுவர், நேர் கீழ ஏதாவது தாங்கணும், இல்லைன்னா தாங்கலோட நிக்கிற ஒரு சுவர் செல்லுல இருந்து பக்கவாட்டுல 2 செல்லுக்குள்ள இருக்கணும். செங்கல் மேல இருந்து தொங்காது, இதைத் தெளிவா சொல்லிருங்க, இல்லைன்னா ஏஐ எல்லாப் பக்கமும் தாங்க விட்டுரும்.

அந்த 3 சும்மா வந்ததில்ல. பே 6 செல் அகலம், நடு ஸ்லாப் செல்லுல இருந்து கிட்ட இருக்கிற பீமுக்கு 3 செல்தான், அதனால நல்லா இருக்கிற பில்டிங் அப்படியே நிக்கும். மூலையில ரெண்டு பக்கத்து பீமும் போச்சுன்னா வெளிப்பக்கம் தாங்க ஆள் இல்லாம விழும், உள்பக்கம் மிச்சம் இருக்கும், ஓரம் தானாவே படிக்கட்டு மாதிரி வரும். வால்ஹைம் ஆடினவங்களுக்கு இது புதுசா இருக்காது, அதுலயும் தரையில இருந்து தள்ளிப் போகப் போக மரத்துண்டு நீலத்துல இருந்து சிவப்புக்கு மாறி ஒரு கட்டத்துல நிக்காம உடைஞ்சு விழும்.

இப்போ ரெண்டு டெஸ்ட் எழுதச் சொல்லுங்க, இது இல்லாம அடுத்த ஸ்டெப்புக்கு நகராதீங்க. ஒண்ணு, ஸ்லைடர் 0-ன்னா ஒரு செல் கூட விழக் கூடாது. ரெண்டு, கீழ்த்தளத்து மூலைத் தூணை மட்டும் எடுத்தா அந்த மூலை மட்டும் எல்லாத் தளத்துலயும் சரியணும், எதிர் மூலை அசையக் கூடாது.

மொத டெஸ்ட் ரொம்பக் கெட்டி. உதாரணத்துக்கு ஜன்னலை 3 செல் அகலம் வச்சீங்கன்னா அதுக்கு மேல இருக்கிற சுவர்ல நடு செல் பக்கவாட்டுல 2 தூரத்துல இருக்கு, நிக்கும். 5 செல் அகலமா மாத்துங்க, நடு செல் 3 தூரம், அடியே படாத பில்டிங்ல ஜன்னலுக்கு மேல ஒரு கல்லு விழும், டெஸ்ட் உடனே கத்தும். அகலமான ஜன்னல் வேணும்னா நிஜ வீட்டுல பண்றதையே பண்ணுங்க, மேல லிண்டல்னு (ஜன்னல், வாசல் மேல போடுற குறுக்குப் பீம்) தனி வகை சேர்த்து அதுக்கு நீளமான லிமிட் குடுங்க.

மெஷ் இல்லாம இதையெல்லாம் எப்படிப் பார்க்கறதுன்னா, செல்லுக்கு ஒரு கியூப் வச்சு கலர் அடிக்கச் சொல்லுங்க, நிக்கிறது பச்சை, விரிசல் மஞ்சள், விழுந்தது சிவப்பு. அசிங்கமாத்தான் இருக்கும், ஆனா தப்பு எங்க இருக்குன்னு ஒரே பார்வையில தெரியும்.

ஸ்டெப் 5: விழுந்தது எங்க போச்சு?

ஸ்கிரிப்டுகள்ல அதிகமா கோட்டை விடுற இடம் இது. மேல பத்து டன் சுவர் காணோம், கீழ ரெண்டு கல்லு கெடக்கும்.

ஒரு சுவர் செல் 0.5-க்கு 0.5, ஒன்பது இஞ்சு சுவர்னா தடிமன் 0.23 மீட்டர், ஆக 0.0575 கன மீட்டர். உடைஞ்ச பொருள் நடுவுல இடைவெளியோட கெடக்கறதால இடம் ஜாஸ்தி அடைக்கும், 1.4-ஆல பெருக்கிக்கோங்க, 0.08. அதை கீழ 0.5 மீட்டர் கட்டத்துல போட்டா உயரம் 0.32 மீட்டர், ஒரு அடிக்கு மேல. அதாவது ஒரே இடத்துல ஆறு செல் விழுந்தா ஆள் உயரத்துக்கு மேல குவியல்.

அவ்வளவு செங்குத்தா குவியாதில்ல, சரியும். அதனால விழுந்ததை எல்லாம் கீழ நிக்கிற ஸ்லாப் மேலயோ தரை மேலயோ உயரமா கூட்டிட்டு, வெளிப்பக்கம் விழுந்ததை ஒண்ணு ரெண்டு கட்டம் தள்ளிப் போட்டு, அப்புறம் சரிய விடுங்க: பக்கத்து கட்டத்தோட உயர வித்தியாசம் 0.4 மீட்டருக்கு மேல போனா அதிகப்படியில பாதியை அந்தப் பக்கம் தள்ளு, எதுவும் நகராத வரைக்கும் திரும்பத் திரும்ப ஓட்டு. அரை மீட்டருக்கு 0.4 மீட்டர்னா கிட்டத்தட்ட 39 டிகிரி சரிவு, இடிபாட்டுக்கு நம்பற மாதிரி இருக்கும். அந்த மேட்டை ஒரே மெஷ்ஷா பண்ணிட்டு மேல மட்டும் கொஞ்சம் கல், பாதி செங்கல், ஜன்னல் சட்டம், கம்பின்னு தூவி விடுங்க. உள்ள முழுக்க கல்லால நிரப்ப வேண்டியதில்ல, யாரும் தோண்டப் போறதில்ல.

ஸ்லாப்பை மட்டும் இதுல சேர்க்காதீங்க. விழுந்த ஸ்லாப் செல்களை ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கிற கூட்டமா பிரிங்க, ஒரு கூட்டம் நிக்கிற ஸ்லாப்போட ஒரு ஓரத்தைத் தொட்டுக்கிட்டு இருந்தா அந்த ஓரத்தைக் கீல் மாதிரி வச்சு முழுக் கூட்டத்தையும் 30-ல இருந்து 60 டிகிரி கீழ சாய்ச்சு விடுங்க. கம்பியில தொங்குற ஸ்லாப் வந்துருச்சு. இந்த ஒரு விஷயத்துக்கே பார்க்கறவங்க "இதை கையில மாடல் பண்ணியா"ன்னு கேப்பாங்க.

ஸ்டெப் 6: இப்போதான் மெஷ்

ஒவ்வொரு செல்லையும் தனி ஆப்ஜெக்டா போட ஏஐ முயற்சி பண்ணும், அதுவும் பிபிஒய் ஆப்ஸ் (பிளெண்டர் மெனு கமாண்டுகளை பைத்தான்ல கூப்பிடறது) வச்சு. விடாதீங்க, ஆயிரக்கணக்குல போனா பிளெண்டர் திணறிரும். வெர்டெக்ஸ் (மூலைப் புள்ளி), ஃபேஸ் (முகம்) லிஸ்ட் ரெடி பண்ணி ஒரே மெஷ்ஷா கட்டச் சொல்லுங்க. ரெண்டு செல் ஒட்டிக்கிட்டு இருக்கிற முகத்தை வரையவே கூடாது, அதை விட்டாலே சுவர்ல முக்கோண எண்ணிக்கை மூணுல ஒரு பங்காயிரும்.

மெட்டீரியலுக்கு ஒரு சின்ன தந்திரம். ஒரு முகத்துக்கு எதிர்ல மொதல்லயே செல் எதுவும் இல்லைன்னா அது வெளிப்பக்கம், பெயின்ட், பூச்சு. மொதல்ல செல் இருந்து இப்போ இல்லைன்னா அது உடைஞ்ச முகம், செங்கலும் காங்கிரீட்டும் தெரியணும். டேட்டாவுல உடைச்சதால இது ஒரு இஃப் கண்டிஷன்ல முடிஞ்சுது.

அரை மீட்டர் செல்லுங்கறதால ஓரம் மைன்கிராஃப்ட் மாதிரி தெரியும்னு பயப்படுவீங்க. உடைஞ்ச ஓரத்து செல்களை மட்டும் செங்கல் சைஸுக்கு திரும்பப் பிரிங்க, 23 சென்டிமீட்டருக்கு 7 சென்டிமீட்டர் வச்சுக்கலாம், அதுல சிலதை நாய்ஸ் பார்த்து எடுத்துருங்க, பல்லு பல்லா வரும். ஸ்லாப் ஓரத்துல 15 சென்டிமீட்டருக்கு ஒரு கம்பி, 12 மில்லி கனம், நுனி கீழ வளைஞ்சு, நீளம் ஒண்ணுக்கொண்ணு வேற. கரி, தூசி எல்லாம் வெர்டெக்ஸ் கலர்ல அடிச்சா போதும், டெக்ஸ்ச்சர் வேண்டியதில்ல.

இந்த ஸ்டெப்லதான் ஏஐ பழைய கோடை ஜாஸ்தி தரும். பிளெண்டர் 4.1-ல ஆட்டோ ஸ்மூத் பழைய செட்டிங்கைத் தூக்கிட்டாங்க, 4.0-ல பிரின்சிபிள்ட் ஷேடரோட சில இன்புட் பேரு மாறிருச்சு, ஆனா ஏஐ படிச்சதுல பழைய டுடோரியல்தான் அதிகம்போல, அதையே எழுதும். எரர் வந்தா "ஒர்க் ஆகல"ன்னு மட்டும் சொல்லாம முழு ட்ரேஸ்பேக்கையும் (எரர் எந்த வரியில வந்துதுன்னு காட்டுற மெசேஜ்) வெர்ஷன் நம்பரையும் சேர்த்து பேஸ்ட் பண்ணுங்க. ஒரே எரரையே அது சுத்திச் சுத்தி திருத்திக்கிட்டு இருந்தா அந்த சாட்டை மூடிட்டு புதுசா ஆரம்பிங்க, ஃபெயில் ஆகுற ஃபங்ஷனையும் டெஸ்டையும் மட்டும் குடுங்க, பழைய பேச்சு மொத்தமும் இருந்தா அதுலயே குழம்பிக்கிட்டு இருக்கும். ஒவ்வொரு ஸ்டெப் ஓடின உடனே கிட்ல (பழைய வெர்ஷன்களைச் சேமிச்சு வைக்கிற டூல்) கமிட், கேக்காமலே பண்ணிருங்க. ஃபைலை அழிக்கிற, ஃபோல்டரைக் காலி பண்ற வரி இருக்கான்னு ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்ணை ஓட்டுங்க.

ஸ்டெப் 7: கேம் உள்ள கொண்டு போறது

ஜிஎல்பி (3டி மாடலுக்கான ஒரு ஃபைல் வகை) ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணுங்க, பிளெண்டர்ல மேல்னா இசட், கோடோல மேல்னா ஒய், அதை எக்ஸ்போர்ட்டரே மாத்திக்கும், நீங்க கையால திருப்பாதீங்க. ஆப்ஜெக்ட் பேரு கடைசியில ஒரு ஹைஃபன் போட்டு சி, ஓ, எல்னு மூணு எழுத்து சேர்த்தா கோடோ இம்போர்ட் பண்றப்பவே கொலிஷனும் (பிளேயர் உள்ள புகுந்து போகாம தடுக்கிற எல்லை) பண்ணிரும். பில்டிங், இடிபாட்டு மேடு ரெண்டுக்கும் இது போதும். மேல தூவின சின்னக் கல்லுக்கு கொலிஷன் வேண்டவே வேண்டாம், பிளேயர் கால் தட்டி தட்டி நிக்கும், பெரிய ஸ்லாப் துண்டுக்கு மட்டும் வைங்க.

ஸ்லைடரை 0, 0.3, 0.6, 1-ன்னு வச்சு அதே சீட்ல நாலு வெர்ஷன் எக்ஸ்போர்ட் பண்ணிக்கலாம். 0.3-ல போன செல் 0.6-லயும் போயிருக்கும், ஏன்னா அடி ஸ்லைடரோட சேர்ந்து ஏற மட்டுமே செய்யும், அதனால கேம்ல அடி விழ விழ ஒண்ணை மறைச்சு அடுத்ததைக் காட்டி நடுவுல கொஞ்சம் தூசி கிளப்பிவிட்டா பில்டிங் கண்ணு முன்னாடி இடியற மாதிரியே இருக்கும், ஃபிசிக்ஸ் சிமுலேஷன் எதுவும் தேவைப்படாது.

தெருவுக்கு இருபது சீட் ஓட்டினா அதுல அஞ்சாறு நல்லா இருக்காது, தூக்கிப் போடுங்க, எல்லாத்தையும் வைக்கணும்னு கட்டாயம் இல்ல. பிளெண்டரைத் திறக்காமலே பேக்ரவுண்ட் மோடுல ஸ்கிரிப்டை ஓட்டி ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு சின்ன ரெண்டர் எடுத்து வைக்கச் சொன்னா டீ குடிச்சுட்டு வந்து பொறுக்கி எடுக்கலாம். பொறுக்கறப்போ ஆள் கண்ணு உயரத்துல இருந்து எடுத்த படத்தைப் பாருங்க, மேல இருந்து பார்த்தா எல்லாமே அழகாத்தான் தெரியும்.

வாசலை இடிபாடு அடைச்சிருக்கான்னு மட்டும் தனியா ஒரு செக் வேணும். கோடோல கேரக்டர் ஏறக்கூடிய சரிவு டிஃபால்ட்டா 45 டிகிரி, நம்ம மேடு கிட்டத்தட்ட 39 டிகிரி, அதனால சரிவு பெரும்பாலும் தடுக்காது. ஆனா மேடு வாசல் லிண்டலைத் தொட்டுருச்சுன்னா ஆள் நுழைய வழி இல்ல. தெருவுல இருந்து மாடிப்படி வரைக்கும் கட்டம் கட்டமா போக முடியுதா, ஒவ்வொரு கட்டத்துலயும் தலைக்கு மேல 2 மீட்டர் இருக்கான்னு பார்க்கிற ஒரு ஃபங்ஷன் ஏஐ கிட்ட கேட்டு வாங்கிக்கோங்க, அதுல ஃபெயில் ஆகுற சீட்டை பின்னணி பில்டிங்கா தள்ளி வச்சுரலாம்.